ராஜாமணியின் மூச்சு

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ராஜாமணி முதலில் பார்ப்பது தாழ்ப்பாளைத்தான். அது கதவுக்கு உள்பக்கம் இருக்கிறதா, வெளிப்பக்கம் இருக்கிறதா என்று ஒரு பார்வை. போகிற போக்கில் விரல் நுனியால் ஒரு தொடல். அதற்குப் பிறகுதான் "வாம்மா" என்றவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். கல்யாண வீட்டில் நடுக்கூடத்தில் பாய் விரித்துக் கூப்பிட்டாலும் வாசலை ஒட்டித்தான் உட்காருவாள். பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டு கிடைக்காவிட்டால் விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டே வருவாள்.

மாமியார் முனியம்மாள் இதற்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தாள். "எங்கடி நம்ம வாசப்படி? சோத்துக்குக் கூப்பிடு" என்பாள். வீடே சிரிக்கும். ராஜாமணியும் சேர்ந்து சிரிப்பாள்.

சிரிக்காத ஆள் ஒருத்திதான், மூத்த மருமகள் தையல்நாயகி. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆண்கள் கூடிப் பேசும் இடத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். கேட்ட கேள்விக்குக்கூட முந்தானையைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வாள். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஓரகத்தி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த விரல் தாழ்ப்பாளைத் தொடுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

முகையூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அவர்கள் ஊர். கேப்பையும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற மேட்டு நிலம். கிணற்றில் தண்ணீர் இருந்தால் கொஞ்சம் நெல். எழுபத்தேழாம் வருஷம் இளைய மகன் விருத்தாசலத்துக்குப் பெண் தேடியபோது, திண்டிவனத்துக்கு வடக்கே ஒலக்கூர்ப் பக்கம் ஒரு பெண் இருப்பதாகத் தெரிந்தது. சின்ன வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்தவள். அம்மாவும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். பெரியப்பா சுப்பராயலுதான் வளர்த்தார். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்துப் பத்துப் பேரை வேலை வாங்குகிறவர். ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை அவருக்குத்தான். பஞ்சாயத்தில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் சொன்னதைத் தையல்நாயகி தன் காதால் கேட்டாள்.

"நம்ம பொண்ணப் பத்தி நீங்க கவலயே பட வாணாம் சம்பந்தி. அடிச்சு வளத்த பொண்ணு. குந்துன்னா குந்தும், எழுந்திருன்னா எழுந்திருக்கும். வாயத் தொறந்து ஒரு கேள்வி வராது."

முனியம்மாளுக்கு முகமெல்லாம் பல். "அதானே வேணும். பெரியவளுக்கும் வாயி கெடயாது. சின்னவளுக்கும் வாயி இல்லன்னா எங்க வூடு கோயிலாட்டம் இருக்கும்."

சந்தையில் மாடு விற்கிறவன்கூடப் பழக்கின மாடு என்றுதான் சொல்வான். அடித்த மாடு என்று சொன்னால் வாங்க வந்தவன் முதுகைத் தடவிப் பார்ப்பான். இந்தப் பெண்ணின் முதுகை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. தழும்பு விழுகிற மாதிரி எதையும் செய்கிற ஆள் இல்லை சுப்பராயலு.

வந்த புதிதில் ராஜாமணி ஓய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. களை எடுப்பாள், மல்லாட்டை பிடுங்குவாள், கழனியிலிருந்து வந்த கையோடு சட்டி பானை கழுவுவாள். கற்பகம் என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு உடம்பு ஒவ்வொன்றாகக் கைவிட ஆரம்பித்தது. முதலில் மழைக்காலத்தில் மட்டும் மூச்சு இழுத்தது. அப்புறம் வெயில் காலத்திலும் இழுத்தது. வயிறு எரிந்தது. மோர்க்கஞ்சி குடித்தாலும் எரிந்தது. தலைவலி வந்தால் இரண்டு நாளைக்குப் போகாது. பின்னால் யாராவது சொம்பைத் தவற விட்டால் போதும், தூக்கிவாரிப் போட்டு எழுந்து நிற்பாள். அதற்குப் பிறகு வெகுநேரம் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருக்கும். இருபத்தைந்து வயதிலேயே காதோரம் நரைத்துவிட்டது.

விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். துணைக்குத் தையல்நாயகியும் போனாள். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் அடித்துப் பார்த்தார்.

"வயசு என்னம்மா?"

"முப்பது ஆவல சார்" என்றான் விருத்தாசலம்.

"இந்த வயசுல இவ்வளவு பிரஷர் இருக்கக்கூடாதே. அப்பா அம்மாவுக்கு இருந்துதா?"

"அவங்க சின்ன வயசுலயே செத்துட்டாங்க சார்."

"உப்பக் கொறைங்க. கருவாடு, ஊறுகாய் வேணாம். மனசுல எதையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

வெளியே வந்ததும் விருத்தாசலம் சிடுசிடுத்தான். "மனசுல இன்னா கொழப்பம் ஒனக்கு? நான் குடிக்கிறனா, அடிக்கிறனா? ஒரு எடத்துல நோவுதுன்னா சொல்லு. தலையிலேர்ந்து காலு வரைக்கும் நோவுதுன்னா நான் எந்த டாக்டர்கிட்ட இட்டுக்கினு போவேன்? ஒரே பேஜாரா கீது."

அவன் கெட்டவன் இல்லை. பெண்டாட்டிக்குப் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுக்கிறவன். ஆனால் எட்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவன், இவள் ஏன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்கிறாள் என்று ஒருநாள் கேட்டதில்லை. காற்றுக்கு என்று நினைத்துக்கொண்டான்.

"நோவாளியக் கொண்டாந்து நம்ம தலையில கட்டிட்டாங்க" என்று முனியம்மாள் கிணற்றடியில் புலம்புவாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "அந்த மனுஷன் இன்னா பண்ணுவாரு பாவம். தகப்பன் இல்லாத புள்ளய ஆளாக்கி உட்டாரு. அதுக்கே கும்புடணும்."

எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில்தான் அது முற்றியது. வீட்டுக்குள் உட்கார்ந்து பெண்கள் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தூசி கிளம்பியதும் ராஜாமணிக்கு இழுப்பு வந்தது. வழக்கமாக வருகிற மாதிரி இல்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. தெருவுக்கு ஓடிவந்து விழுந்து உருண்டு மண்ணைப் பிறாண்டினாள். முகையூரிலிருந்து கம்பவுண்டர் சைக்கிளில் வந்து ஊசி போட்ட பிறகுதான் மூச்சு உள்ளே போனது. "புதுச்சேரிக்கு இட்டுக்கினு போங்க, இது நம்ம கையில இல்ல" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

வளர்த்தவருக்குச் சொல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்று விருத்தாசலம் திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பினான். மூன்றாம் நாள் சுப்பராயலு வந்தார். வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தலைவாழை இலையில் நிறுத்தி நிதானமாகச் சாப்பிட்டார். ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். கை கழுவி வந்து உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி சொன்னார்.

"இது டாக்டர் பாக்கற நோவு இல்ல மாப்ள. திடீர்னு வருது, திடீர்னு போவுது. ராத்திரியில தூங்கறதில்லன்ற. காத்து கருப்பு வேலதான். எங்க ஊர்ப் பக்கம் ஒரு பூசாரி இருக்கான். வர்ற அம்மாசிக்கு உச்சி வேளைல வரச் சொல்றேன். ரூமுக்குள்ள தள்ளித் தாழ்ப்பா போட்டு, ரெண்டு படி மொளகாய நெருப்புல கொட்டினான்னா, எப்பேர்ப்பட்ட பேயா இருந்தாலும் பேரச் சொல்லிட்டு ஓடும்."

ராஜாமணி அவருக்குக் காப்பி கொண்டுவந்துகொண்டிருந்தாள். டம்ளர் கையிலிருந்து நழுவி உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். புடவைக்குக் கீழே தரை நனைந்து, ஈரம் அவர் வேட்டி வரைக்கும் ஓடியது. ஏழு வயதுப் பெண்ணின் தாய், நாலு பேர் முன்னால், நின்றபடியே ஒன்றுக்குப் போய்விட்டாள்.

சுப்பராயலு காலை மடக்கிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"பாத்தீங்களா? மொளகான்னு வாயால சொன்னதுக்கே பேய்க்கு நடுக்கம் எடுத்துக்கிச்சு."

எல்லோரும் நம்பினார்கள். அவள் பயப்பட்டதையே சாட்சியாக்கிவிட்டார்கள். அவள் எவ்வளவுக்கெவ்வளவு நடுங்கினாளோ அவ்வளவுக்கவ்வளவு பேய் பெரியதாயிற்று. அதற்குப் பிறகு அவள் வேண்டாம் என்று அழுதால் பேய் அழுகிறது. கையை உதறினால் பேய் உதறுகிறது. அவளுக்கென்று ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.

மறுநாள் பம்புசெட்டில் துணி துவைக்கப் போனபோது தையல்நாயகி கேட்டாள். மோட்டார் இரைச்சலில் யார் காதிலும் விழாது.

"ராஜா, உண்மையச் சொல்லு. நீ எதுக்குடி அப்பிடி பயந்த?"

ராஜாமணி அலசின துணியைப் பிழிந்து கல்லின் மேல் வைத்தாள்.

"எனக்கு அது தெரியுங்கா."

"எது?"

"அந்தப் புகை. ஏழு வயசுலேர்ந்து தெரியும். எங்க பெரியப்பா வூட்டுல நெல்லு கொட்டி வெக்கிற ரூமு ஒண்ணு இருக்குது. ஜன்னல் கெடயாது. பால ஊத்திட்டேன்னா அங்க. பாயில ஒண்ணுக்குப் போய்ட்டேன்னா அங்க. கூப்புட்ட ஒடனே வரலன்னா அங்க. சட்டியில நெருப்பு அள்ளி, மொளகா போட்டு, உள்ள வெச்சுட்டு வெளிய தாழ்ப்பா போட்டுருவாரு."

"கோவத்துலயா?"

"கோவம் வந்து செஞ்சிருந்தாருன்னாகூடத் தாங்கியிருப்பேங்கா. கோவமே இல்ல. வெளிய நாற்காலி போட்டுக்கினு பேப்பர் படிப்பாரு. பக்கம் திருப்பற சத்தம் எனக்குக் கேக்கும். கதவுக்குக் கீழ ஒரு வெரல் சந்து இருக்கும், அதுல மூக்க வெச்சுப் படுத்துக்கினு இருப்பேன். அவரு பேப்பர முடிச்சுட்டுத்தான் கதவத் தொறப்பாரு."

"ஒங்க பெரியம்மா எங்க போனாங்க?"

"வூட்லதான் இருப்பாங்க. வெளிய வந்ததும் மோர் குடுப்பாங்க. நல்லாத்தான் குடுப்பாங்க, கொத்தமல்லி எல்லாம் போட்டு."

"எத்தினி தபா இப்பிடி?"

"மழ பெஞ்சத எண்ணுவாங்களாக்கா? நான் பெரிய மனுஷியானதுக்கு அப்பறந்தான் நிறுத்தினாரு. வயசுக்கு வந்த பொண்ண அப்பிடி பண்ணக்கூடாதுன்னாரு. பெரிய தருமவான்." அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "அந்த மாதிரி ரூமுக்குள்ள என்ன மறுபடி போட்டாங்கன்னா நான் வெளிய வரமாட்டேங்கா. மூச்சுக்கு நானே கெஞ்சிக்கினு கெடக்கிறேன். கற்பகத்த மட்டும் நீ பாத்துக்க. அவ மேல கை வெக்க யாரையும் உட்றாத."

தையல்நாயகிக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. துணி துவைக்கிற அடியில்தான் தெரியும். அன்று அவள் அடித்த அடியில் முனியம்மாளின் புடவை கிழிந்தது.

அன்று சோறு போடும்போது அவள் தன் புருஷன் பெரியதம்பியிடம் சொன்னாள். அவர் உருண்டையை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"பெரிய மனுஷன் மேல பழி போடற பேச்சு பேசாத. கண்டிச்சு வளத்திருப்பாரு. சரி, அப்பிடியே நடந்துதுன்னு வெச்சுக்க. அது ஆச்சு இருவது வருசம். அந்தப் புகை இன்னுமா நெஞ்சுக்குள்ள குந்திக்கினு இருக்கும்?"

ஆமாம், உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது. நெஞ்சில் மூச்சாக, வயிற்றில் எரிச்சலாக, கழுத்தில் துடிப்பாக, தலைக்குள் வலியாக. இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. குழம்பை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டாள்.

மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அடப் போடி. எங்கப்பன் என்னக் கவலக்கயித்தால அடிப்பாரு. ரத்தம் வரும். நான் இன்னா செத்தா போய்ட்டேன்? கல்லாட்டம் இல்ல?"

தையல்நாயகி மாமியாரைப் பார்த்தாள். இந்தக் கல் மத்தியானத் தூக்கத்தில் "வாணாம்ப்பா, வாணாம்ப்பா" என்று முனகுவதை அவள் எத்தனையோ வருஷமாகக் கேட்டிருக்கிறாள். எழுப்பினால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பாள். அதைச் சொல்லிக் காட்ட நா எழவில்லை. அடித்தவர்களெல்லாம் நன்றாக இருக்கிறார்கள். அடி வாங்கினவர்கள் தங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அமாவாசை வந்தது. பூசாரி உடுக்கையும் வேப்பிலைக் கட்டுமாக வந்து இறங்கினான். சுப்பராயலு அவனுக்கு முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருவே வாசலில் நின்றது. மல்லாட்டை மூட்டை போடும் அறையைக் காலி செய்திருந்தார்கள். அதற்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். ராஜாமணியை அந்தக் கதவுக்கு எதிரே உட்கார வைத்து, தலையை விரித்துவிட்டிருந்தார்கள். அவள் அந்தத் தாழ்ப்பாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பூசாரி உடுக்கையை அடித்துக்கொண்டு சுற்றி வந்தான்.

"சொல்லு! நீ யாரு? ஒம் பேரு இன்னா?"

"ராஜாமணி."

"அடிச்சேன்னா பாரு. இந்த ஒடம்போட பேர நான் கேக்கல. உள்ள குந்திக்கினு இருக்கற ஒம் பேரச் சொல்லு."

"ராஜாமணிதான். வேற யாரும் இல்ல."

"எந்த ஊரு நீ?"

"ஒலக்கூர்ப் பக்கம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பூசாரிக்கு உற்சாகம் பிறந்தது. "அப்பிடி வா வழிக்கு. எந்த எடத்துல புடிச்ச?"

"எங்க பெரியப்பா வூட்டு நெல்லு ரூமுல."

"எத்தினி வயசுல?"

"ஏழு வயசுல."

"யாரு ஒன்ன ஏவி உட்டது?"

ராஜாமணி கையை நீட்டிக் காட்டினாள். "தோ, நாற்காலியில குந்திக்கினு இருக்காரே, அவருதான். மொளகாப் புகை போட்டுத் தாழ்ப்பா போட்டாரு. பேப்பர் படிச்சிக்கினே போட்டாரு."

விருத்தாசலம் வாயைத் திறந்தவன் மூடவில்லை. பேய் பொய் சொல்லாது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மனைவியாக, மருமகளாக, ஓரகத்தியாக எட்டு வருஷம் இருந்தவள் சொன்னால் பழி. பேய் சொன்னால் சாட்சி. அதற்காகவே அவள் பேயாக நடித்திருக்கலாம். ஒரு துளியும் நடிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவன் அவளை இந்தக் கேள்வியெல்லாம் கேட்டிருந்தான்.

சுப்பராயலு துண்டை உதறித் தோளில் போட்டார். "இது பொய்ப் பேய் பூசாரி. குடும்பத்தப் பிரிக்கப் பாக்குது. பேச்சுக் குடுக்காத. புகையப் போடு, ஜல்தி ஆவட்டும்."

"அதுவும் சரிதாங்க. யாரம்மா அங்க, நெருப்பு கொண்டாங்க."

நெருப்புச் சட்டியும் மிளகாய் முறமும் கொண்டுவர வேண்டியது மூத்த மருமகளின் வேலை. தையல்நாயகி கொண்டுவந்தாள். ஆனால் அறை வாசலில் வைக்கவில்லை. நேராகப் போய்ச் சுப்பராயலுவின் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். சட்டிச் சூடு விரலைச் சுட்டிருந்தது. இத்தனை பேர் முன்னால் தன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

"பூசாரி, ஒண்ணு கேக்கறேன். புள்ள பயப்படுது. பெத்தவங்க எடத்துல இருக்கற ஒருத்தர் அவ கூட உள்ள குந்தலாமா?"

பூசாரி யோசித்தான். "குந்தலாம். தப்பில்ல. பேய்க்கும் ஒரு பயம் இருக்கும்."

"அப்ப பெரியவரு குந்தட்டும். அவருதானே வளத்தாரு. எழுந்திருங்க பெரியவரே. நான் தாழ்ப்பா போடறேன்."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சுப்பராயலு தொண்டையைச் செருமினார்.

"எனக்குப் புகை ஒத்துக்காதும்மா."

"ஒத்துக்காதா?" தையல்நாயகியின் குரல் கிழிந்து வெளியே வந்தது. "அறுவது வயசுக்கு மேல ஆவுது, ஒங்களுக்கு ஒத்துக்காது. ஏழு வயசுப் புள்ளைக்கு ஒத்துக்கினுச்சா? சொல்லுங்கய்யா. தாய் தகப்பன் இல்லாத புள்ளைக்கு ஒத்துக்கினுச்சா?"

"ஏய் தையலு!" என்று பெரியதம்பி அதட்டினார். "பொம்பள பேசற பேச்சா இது?"

"பொம்பளய வெச்சுப் பூட்டத்தான் இத்தினி ஆம்பள வந்திருக்கீங்க. பொம்பள பேசாம யாரு பேசறது?"

"மாப்ள, ஒங்க வூட்ல என்ன கூப்ட்டு வெச்சு அவமானப்படுத்தறீங்க" என்றார் சுப்பராயலு.

விருத்தாசலம் அவரைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "எதுக்கு மாமா வம்பு, நான் குந்தறேன்" என்றான். அவனுக்கு இந்தப் பேச்சு ஓய்ந்தால் போதும். சட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனான். முறத்தில் இருந்ததில் ஒரு பிடியை அள்ளி நெருப்பில் போட்டான். "நான் மொதல்ல பாக்கறேன். அப்பறம் அவள அனுப்புங்க. சாத்துங்க அண்ணி."

தையல்நாயகி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளே முதலில் தும்மல் கேட்டது. அப்புறம் இருமல். அப்புறம் காறுகிற சத்தம். வெற்றிலை ஒரு தடவை மென்று துப்புகிற நேரம்கூட ஆகியிருக்காது, கதவு படபடவென்று அதிர்ந்தது.

"அண்ணி! தொறங்க அண்ணி! அண்ணி!"

அவள் உடனே திறக்கவில்லை. இரண்டு மூச்சு நேரம் கையைத் தாழ்ப்பாளின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு திறந்தாள். மல்லாட்டை மூட்டை தூக்குகிற முப்பத்து நாலு வயது ஆள் நாலு காலில் தவழ்ந்து வெளியே வந்தான். கண்ணும் மூக்கும் ஒழுக, வாசலில் குப்புற விழுந்து காற்றை விழுங்கினான். பின்னாலேயே புகை வந்தது. கூட்டம் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடியது. பூசாரி உடுக்கையை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினான். கற்பகத்தைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் ராஜாமணி எப்போதோ போய் நின்றிருந்தாள்.

விருத்தாசலம் எழுந்தான். அவனுக்குக் காதால் கேட்டுப் புரியவில்லை. கண்ணால் பார்த்துப் புரியவில்லை. அவன் மூச்சே முட்டின பிறகுதான் புரிந்தது. அதையும் ஒரு புத்தி என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே போய்ச் சட்டியைக் காலால் உதைத்துக் கொட்டி, ஒரு குடம் தண்ணீரை அதன் மேல் ஊற்றினான். வெளியே வந்து, தெருவில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சுப்பராயலுவைக் கேட்டான்.

"இதுக்குள்ளயா மாமா புள்ளயப் போட்டீங்க?"

"ஒழுங்கா வளக்கணும்னா..."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, போய்ட்டு வாங்க."

"வாங்க" என்று சொல்ல வேண்டியதில்லை. வாய்ப் பழக்கம். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் விருத்தாசலம், ராஜாமணி, தையல்நாயகி மூன்று பேரும் புதுச்சேரிக்குப் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ராஜாமணிக்குப் பேச்சு வரவில்லை. தையல்நாயகிதான் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு தடவை பேசின வாய் மறுபடி பேசக் கூச்சப்படவில்லை. படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள்.

"நெஞ்சு ரொம்ப நாளாவே கெட்டுப் போயிருக்கு. சின்னக் கொழந்தையில பட்ட புகை லேசுல போகாது" என்றார் டாக்டர். "பிரஷருக்குத்தான் காரணம் சரியாப் புடிபடல. யாரோ தொரத்தினா ஓடற ஒடம்பு மாதிரி இருக்கு இவங்க ஒடம்பு. உக்காந்திருக்கும்போதும் ஓடிக்கினே இருக்கு. இப்படியே வருஷக்கணக்கா ஓடினா எந்த ஒடம்பும் தாங்காதும்மா."

யார் துரத்துகிறார் என்று தையல்நாயகிக்குத் தெரியும். அதற்கு அந்த ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லை.

மூச்சுக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மூச்சு கொஞ்சம் கேட்டது. இழுப்பு வருவது குறைந்தது. வந்தாலும் மண்ணைப் பிறாண்டுகிற அளவுக்குப் போகவில்லை. மல்லாட்டை உடைக்கும் வேலையை அவளிடம் யாரும் கொடுப்பதில்லை. முனியம்மாள் "வாசப்படி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. தவறிப்போய்க் கற்பகத்தை அடிக்க ஒருநாள் கை ஓங்கினவள், ராஜாமணி எழுந்து வந்த வேகத்தைப் பார்த்துக் கையைத் தானே இறக்கிக்கொண்டாள்.

வெளியூரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. வளர்த்த கையைக் கடித்தவள் என்றார்கள். மூத்தவள் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனாள் என்றார்கள். மோர் கொடுத்த பெரியம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள், "நடந்தது நடந்துபோச்சு, பெரியவரு கால்ல உழுந்து மன்னிப்புக் கேட்டுக்கினு போவச் சொல்லு" என்று. வந்த ஆளுக்குத் தையல்நாயகி சோறு போட்டாள். பதில் சொல்லி அனுப்பவில்லை.

இது எண்பத்தொன்பதாம் வருஷம். ராஜாமணிக்கு முப்பத்திரண்டு வயது. காலையிலும் இரவிலும் மாத்திரை சாப்பிடுகிறாள். பிரஷர் இறங்கவில்லை. இதயம் வீங்கியிருக்கிறது, கனமான வேலை செய்யக் கூடாது, இன்னொரு பிள்ளை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கால் வீங்குகிற நாட்களில் கற்பகம்தான் சமைக்கிறாள். சுப்பராயலுவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. திண்டிவனத்தில் மண்டி நன்றாக நடக்கிறது. போன வருஷம் அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்து, கல்லில் பெயர் போட்டுக்கொண்டார். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். இன்றுவரை அவருக்கு ஒரு மாத்திரை கிடையாது.